கரிசக்காட்டு வழியா, செவக்காட்டு வழியா: கிராவல் ரோட்டுக்கு எந்த மண்ணு தாங்கும்?

தோட்டத்துக்கு கிராவல் ரோடு போட எங்களுக்கு ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு கரிசக்காட்டுக்கு நடுவுல நேரா போற வண்டிப்பாதை, இன்னொண்ணு செவக்காட்டு மேட்ட சுத்திக்கிட்டு வர்றது. கோவில்பட்டி பக்கம் ரெண்டு மண்ணும் அடுத்தடுத்து கெடக்கும். நாங்க சுத்து வழியத்தான் எடுத்தோம், இன்னைக்கு கேட்டாலும் அதத்தான் சொல்வேன்.

நேர் வழில தூரம் கம்மி, லோடு கம்மி, முதல் செலவும் கம்மி, அது தெரிஞ்சதுதான். கோடைல காஞ்சு கெடக்குற கரிசல பாத்தா இதவிட கெட்டியான தரை எதுன்னு தோணும், ஆனா கோடைல பாத்து முடிவெடுக்கக் கூடாது. அடிமண்ணோட பலத்த அளக்குற சி.பி.ஆர் டெஸ்ட்லயே மண்ண 4 நாள் தண்ணில ஊற வச்சுட்டுத்தான் பாக்குறாங்க, நல்லா இறுகுன ஒடச்ச ஜல்லியோட பலத்த 100ன்னு வச்சா அப்படி ஊறுன கரிசல் பெரும்பாலும் 2ல இருந்து 4 சதவீதத்துக்குள்ளதான் நிக்கும். சரளை கலந்த செவல் மண்ணு 8, 10ன்னு தாண்டிரும்.

எனக்கு முடிவ மாத்துனது வருசா வருசம் ஆகுற பராமரிப்புதான். கரிசல்ல கிராவல் தேயுறதில்ல, பொதையுது. ஐப்பசி கார்த்திகை மழைல அடிமண்ணு கொழகொழன்னு ஆனதும் மேல டிராக்டர் டிரெய்லர் லோடோட ஏறுனா கல்லு கீழ போகும், களி சந்துல புகுந்து மேல வரும், ஒரு தடவ கலந்துருச்சுன்னா அத பிரிக்கவே முடியாது, அது கிராவலும் இல்ல மண்ணும் இல்ல. அப்பறம் கோடைல பாளம் பாளமா வெடிக்கும்போது ஓரமெல்லாம் சரிஞ்சு வெடிப்புக்குள்ள போகும். அடுத்த வருசம் மறுபடி டிப்பர், மறுபடி ஜேசிபி வாடகை, அதுவும் மழைக்கு முன்னாடி எல்லாரும் கேக்குற நேரத்துல. செவல்ல அப்படி இல்ல, கல்லு ஓரத்துக்கு ஒதுங்கும் அவ்வளவுதான், டிராக்டர் பின்னாடி பிளேடு மாட்டி இழுத்து நடுவுக்கு கொண்டாந்துரலாம், போட்ட சரக்கு நம்ம ரோட்டுலயே இருக்கும்.

எந்த மண்ணுன்னு சந்தேகம்னா லேபுக்கு போறதுக்கு முன்னாடியே ஒண்ணு பாக்கலாம். நல்லா காயவச்சு சலிச்ச மண்ணு பங்குக்கு 10 கிராம்னு ரெண்டு பங்கு எடுத்து, கோடு போட்ட ரெண்டு கண்ணாடி குழாய்ல ஒண்ணுல தண்ணி, ஒண்ணுல மண்ணெண்ணெய் ஊத்தி போட்டு கலக்கி ஒரு நாள் விடுங்க. மண்ணெண்ணெய்ல களி உப்பாது, தண்ணில உப்பும். தண்ணில இருக்குற மண்ணு மத்ததவிட பாதிக்கு மேல கூடுதலா, அதாவது 50 சதவீதம் தாண்டி உப்பி நின்னா அது ரோட்டுக்கு அடியில வேண்டாத மண்ணு. குழி தோண்டும்போது ரெண்டு அடி மூணு அடி ஆழத்துலயும் மண்ணு எடுங்க, மேல செவலா இருந்து கீழ களியா போற எடமும் உண்டு.

அதுக்காக செவல் எல்லாமே நல்லதுன்னு இல்ல. சரளை இல்லாத நைஸ் மண்ணா இருந்தா சரிவுல மழைத்தண்ணி வாய்க்கா மாதிரி அரிச்சுரும், கோடைல புழுதியும் பறக்கும். 10 அடி அகலத்துக்கு நடு முதுகு ஓரத்தவிட ரெண்டரை அங்குலமாவது ஒசந்திருக்கணும், ரெண்டு பக்கமும் தண்ணி போக வழி வேணும். எங்களுக்கு மேடா போனதால தண்ணி நிக்குற பிரச்சனையே வரல, தாழ்வான செவக்காடா இருந்திருந்தா இவ்வளவு அடிச்சு சொல்லுவேனான்னு தெரியல.

சுத்து வழியே கிடையாது, நாலா பக்கமும் கரிசல்தான்னா சுண்ணாம்பு கலக்குறது ஒரு வழி, பொதுவா மண்ணு எடைல 3ல இருந்து 5 சதவீதம் போடுறாங்க, உப்புறது கொறையும். நான் செஞ்சு பாத்ததில்ல. ரோட்டவேட்டர் விட்டு கலந்தாலும் அடி வரைக்கும் சீரா கலக்குமான்னுதான் எனக்கு யோசனை, அதனால அந்த எடத்துல இருந்தா நான் மொதல்ல உப்பாத சரளை மண்ண நல்லா கனமா போட்டு ரோட்ட ஒசத்திட்டு, அதுக்கு மேலதான் கிராவல் அடிப்பேன்.