கொழிஞ்சாம்பாறை வீட்டில் ஓராண்டாக ஒரு ஆர்.ஓ. இயந்திரம்

பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுதியாக இருப்பது புதிய செய்தியன்று. ஆனாலும், என் மகளுக்கு முளைத்த முன்பற்களில் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளைக் கோடுகளைக் கண்ட பிறகே, நீரிலுள்ள ஃபுளோரைடையும் உப்புகளையும் நுண்ணிய சவ்வால் (மெம்பிரேன்) வடிகட்டிக் குறைக்கும் இந்த ஆர்.ஓ. இயந்திரத்தை வாங்கினேன்.

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீராதாரம் இல்லாவிடில் 1.5 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அளவோடு இருந்தால் எனாமலை வலுப்படுத்தும் அதே பொருள், நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் பருவத்தில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள், மிகுந்தால் அழியாத கறையாகிவிடுகிறது. காய்ச்சினாலும் அது போகாது. நீர் ஆவியாக ஆவியாகச் செறிவு கூடவே செய்யும். கிருமியை மட்டும் கொல்லும் யு.வி. வடிகட்டியாலும் பயனில்லை. ஆகவே ஆர்.ஓ.வைத் தேர்ந்தெடுத்தது சரியென்றே இன்றும் கருதுகிறேன்.

வடித்த நீரில் உவர்ப்பு இல்லாததால், முன்பு தண்ணீர்ச் செம்பைத் தள்ளிவைத்த மகள் இப்போது மிட்டாய் தின்றதும் தானே கேட்டு வாங்கி வாய் கொப்பளித்துக் குடிக்கிறாள். பல்லிடுக்கில் தங்கும் இனிப்பு அப்படிக் கழுவப்படுவது எனக்குப் பெரிய நிம்மதி.

குறைகளும் உண்டு. வறண்ட எங்கள் ஊரில், வடிப்பதைவிடக் கூடுதலாக அது வெளியேற்றும் நீரைக் காண மனம் பொறுக்கவில்லை. வாளியில் பிடித்துத் தரை துடைக்கிறோம். மெம்பிரேன் மாற்ற, விற்ற கடைக்காரர் மூன்று வாரம் இழுத்தடித்தார். மகளின் கோடுகள் மறையவில்லை. மூன்று வயது மகனுக்கு நிலைப்பற்கள் இனிமேல்தான் முளைக்க வேண்டும்.