வாடகைக்குப் படகு கிடையாது: ஒரு கயாக் கழகத்தில் எட்டுக் கிழமை

டென்மார்க்கில் தாதியாக இருக்கிறேன். இந்தக் கோடையில் எட்டுக் கிழமை, மேற்குக் கிரீன்லாந்தில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலை. வந்த முதல் ஞாயிறே, துறைமுகத்தடியில் ஒரு பலகை வீட்டுக்குள் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க பெடிச்சி ஒருத்தி இரண்டு கயிறுகளுக்கு நடுவில் தலைகீழாகத் தொங்குவதைக் கண்டு எட்டிப் பார்த்தேன். அதுதான் ஊர்க் கயாக் கழகம். கயாக் என்றால், ஒரு ஆள் உள்ளே கால் நீட்டி இருந்து துடுப்பால் ஓட்டுகிற ஒடுங்கிய படகு.

சுற்றுலாக் கடை என்று நினைத்து, “ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு?” என்று கேட்டது என் பிழை. வாடகையே கிடையாது. கொடுக்கவும் ஏலாது. ஏனென்றால் ஒவ்வொரு படகும் ஒரு ஆளின் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தது. நீளம் ஆளின் உயரத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு, அகலம் இடுப்பும் இரண்டு முஷ்டியும். துடுப்புக்குக் கணக்கு, விரித்த கையளவும் முழங்கையிலிருந்து விரல்நுனி வரையும். அதாவது ஒரு பாகமும் ஒரு முழமும்! எங்கட கரையூர்க் கிழவர்கள் வலைக்கயிறு அளக்கிற அதே கணக்கு. அந்த இடத்திலேயே ஆதரவு உறுப்பினராகச் சேர்ந்துவிட்டேன். வருடச் சந்தா, இங்கே ஒரு பீட்சாவும் சோடாவும் வாங்குகிற காசு.

படகைத் தூக்கிப் பாருங்கள், ஒரு ஆளே தோளில் வைக்கலாம். ஆணி கிடையாது. மரச்சட்டங்களை மர முளையாலும் கயிற்றாலும் பிணைத்திருப்பார்கள், அதனால் அலைக்கு வளைந்து கொடுக்கும். முன்னர் மேலே சீல் என்கிற கடல் விலங்கின் தோலைப் போர்த்தினார்கள், இப்போது பெரும்பாலும் கான்வாஸும் பெயின்டும். இங்கே வெட்டிப் பலகையாக்க மரம் வளராது. பழைய ஆட்களுக்குச் சட்டத்துக்கு மரம் கொடுத்தது கடல்தான்: சைபீரிய ஆறுகளில் விழுந்து பனிக்கட்டியோடு மிதந்து வந்த மரம். டேனிஷ்காரர் கயாக் என்ற சொல்லை இவர்களிடமும் கட்டமரான் என்ற சொல்லை எங்களிடமும் எடுத்தார்கள். இரண்டும் கட்டின படகுதான் என்று பயிற்சி கொடுக்கிற ஐயாவுக்குச் சொன்னபோது நல்லாய்ச் சிரித்தார்.

தண்ணீருக்கு முன்னால் கயிறு. அல்லுனாரியார்னெக் என்று பெயர். சமாந்தரமாகக் கட்டிய இரண்டு கயிற்றில் உடம்பைச் சுற்றி, பிரட்டி, திரும்ப எழும்ப வேண்டும். வயிற்றுத் தசை எல்லாம் மூன்று நாள் அழுதது. சும்மா சர்க்கஸ் அல்ல. சீல் வேட்டைக்குப் போனவர் கவிழ்ந்தால் படகைவிட்டு வெளியே வருவது சாவதற்குச் சமம். துயிலிக் என்கிற தொப்பி வைத்த மேலங்கி அவரையும் படகு வாயையும் ஒன்றாக இறுக்கியிருக்கும். (பெயர் துயிலை நினைவுபடுத்தினாலும், போட்டால் நித்திரை வராது.) படகோடு சேர்ந்து உருண்டுதான் எழும்ப வேண்டும். துடுப்பு தொலைந்தால் ஈட்டி எறிகிற கட்டையால், அதுவும் இல்லையென்றால் வெறுங்கையால், ஒரு கை கயிற்றில் சிக்கினால் மற்றக் கையால். போட்டியில் முப்பதுக்கு மேற்பட்ட வகை உருளல் உண்டு, கையில் கல்லைப் பிடித்துக்கொண்டு உருளுவதும் அதில் ஒன்று. இடப்பக்கமும் வலப்பக்கமும் செய்து காட்டினால்தான் முழுப் புள்ளி.

எனக்கு ஒன்றும் வரவில்லை. பழகுகிறவர்களுக்கென்று அகலமாகச் செய்த படகிலேயே இடுப்பு இறுகியது. இரண்டு தரம் கவிழ்ந்தேன், இரண்டு தரமும் ஐயா இடுப்பளவு தண்ணீரில் நின்று என்னைப் பிரட்டி எடுத்தார். ஜூலையிலும் காது விறைத்துப்போகும்.

இந்த வித்தை ஒருகாலத்தில் கைவிட்டுப் போகப் பார்த்தது. மோட்டார் படகு வந்தபிறகு யார் துடுப்புப் போடுவார்கள்? 1980-களின் நடுவில் சில இளம் ஆட்கள் கழகங்களைத் தொடங்கி, கானாத் கட்டுஃபியாத் என்ற கூட்டமைப்பாக்கினார்கள். 1998-இல் மலிகியாக் பாடிலா பதினாறு வயதில் தேசிய வெற்றியாளரானதை இங்கத்தைப் பிள்ளைகள் நேற்று நடந்ததுபோலக் கதைக்கிறார்கள்.

என் சந்தா எங்கே போகிறது? பெயின்ட், கயிறு, முக்கியமாகப் பிள்ளைகளின் பயணம். போட்டி ஒவ்வொரு வருடமும் வேறு வேறு ஊரில், ஊருக்கும் ஊருக்கும் நடுவில் தெரு இல்லை. கப்பல் அல்லது விமானம். டிக்கெட் விலை கேட்டால் தலை சுற்றும்.

குறையும் உண்டு. ஆறு மணிக்கு என்று சொல்லுவார்கள், வெயில் நல்லாயிருந்தால் எல்லாரும் மீன்பிடிக்கப் போயிருப்பார்கள், கதவு பூட்டு. நான் மூன்று தரம் சும்மா திரும்பினேன். உடுப்பு மாற்றுகிற அறையில் ஹீட்டர் வேலை செய்யாது. எல்லாம் கலாலிசுத் மொழியில்தான் நடக்கும், டேனிஷ் கேட்டால் கொஞ்சம் தயங்கித்தான் வரும். இந்த மூன்றாவதை நான் குறையாக எண்ணவில்லை. பிள்ளைகளுக்குத் தங்கள் பாஷையில் நடக்கிற இடத்தில், எட்டுக் கிழமைக்கு வந்த நான் கையைக் காட்டிக் கேட்டாலே போதும்.

நான்கு நட்சத்திரம். ஒன்றை ஹீட்டருக்காகக் குறைத்தேன். போகிறவர்கள் தடித்த துவாய் ஒன்றும், பிளாஸ்கில் தேத்தண்ணியும் கொண்டு போங்கள். தேத்தண்ணியை ஐயாவுக்கும் சேர்த்து ஊற்றுங்கள், சீனி கூட வேண்டும் அவருக்கு.