கணப்புச் சாமான்: பித்தளைச் செட்டா, பட்டறை இரும்பா, வெல்டிங் கம்பியா?

கணப்புச் சாமான் என்றால் வீட்டுக்குள் விறகு எரித்துக் குளிர்காயும் கணப்புக்கு வேண்டிய கிளறுகோல், இடுக்கி, ஊதுகுழல், கரண்டி, தூரிகை. நுவரெலியாவில் அவற்றைக் கெடுப்பதில் நெருப்புக்கு இரண்டாவது இடம்தான். முதலிடம் ஈரத்துக்கு. ஜூன், ஜூலையில் தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டால் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் சுவரே வியர்க்கும். பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் வருடக் கடைசி மழை அதே வேலையைச் செய்யும். கடையில் தகதகவென்று நின்ற செட் வீட்டுக்கு வந்து இரண்டு மழை பார்த்த பிறகு எப்படி இருக்கும்? வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

மலைநாட்டில் கைக்கு எட்டுவது நான்கு வகை: பித்தளை முலாம் பூசிய இறக்குமதிச் செட், பழைய பங்களாக்களிலிருந்து வெளியே வரும் கெட்டிப் பித்தளை, கொல்லர் பட்டறையில் அடித்த இரும்பு, வெல்டிங் கடையில் கம்பி வெட்டி ஒட்டியது.

முதலில் நீளம்

எந்த உலோகம் என்று பார்ப்பதற்கு முன் அடுப்பை அளக்க வேண்டும். திறந்த கணப்புக்குக் கிளறுகோல் 65 முதல் 70 செ.மீ. வேண்டும், அதற்குக் குறைந்தால் புறங்கை சுடும். கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்புக்கு 45 செ.மீ. தாராளம். 70 செ.மீ. கோலை அந்தச் சின்ன வாய்க்குள் விட்டுத் திருப்பினால் பின்முனை எங்கேயாவது இடிக்கும், நுனி போய் உள்ளே பதித்த சூளைக்கல்லைப் பெயர்க்கும். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக் குசினியில் இருக்கும் அனகி அடுப்பு வேறு கதை. ஒரு விறகு வாய், இரண்டு பானைக் கண், எல்லாம் சுட்ட மண். அதில் கனத்த இரும்பை விட்டுக் குத்தினால் வாயோரம் சில்லுச் சில்லாக உதிரும். அதற்கு 35 செ.மீ. இடுக்கி ஒன்றும் ஊதுகுழல் ஒன்றும் இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

முலாம் செட்டைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் காந்தம் போதும். ஒட்டினால் உள்ளே இரும்பு. பித்தளை மேல்தோல் மட்டும். இந்தச் செட்டுகளில் பெரும்பாலானவை உள்ளே வெறுங்குழாய், பிடியும் கோலும் நுனியும் தனித்தனியாக மரை போட்டு முறுக்கியவை. சூட்டில் விரிந்து, ஆறியதும் சுருங்கி, மரை தளர்ந்துகொண்டே வரும். துரு முதலில் தலை காட்டுவதும் அந்தப் பொருத்துகளில்தான். வாங்குமுன் நுனியை ஒரு கையில் பிடித்து, பிடியை மறு கையால் திருகிப் பாருங்கள். அசைந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வருடத்தில் பத்து நாள் மட்டும் கணப்பு மூட்டும் விருந்தினர் விடுதிக்கு இது சமாளிக்கும். தினம் நெருப்புப் போடும் வீட்டுக்கு ஆகாது.

கெட்டிப் பித்தளையில் காந்தம் ஒட்டாது. துருவும் பிடிக்காது, கறுக்க மட்டுமே செய்யும். குத்துவிளக்குக்குப் போடுகிற புளியும் சாம்பலுமே அதற்கும் மருந்து. அழகில் இதற்கு நிகர் இல்லை, ஆனால் இரண்டு குறை உண்டு. பித்தளை இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். முழுக்கப் பித்தளையாலான கோலைத் தணலில் வைத்து மறந்தால் பிடியைத் தொட முடியாது. அது உருகும் சூடு சுமார் 900 முதல் 940 டிகிரி. நன்றாக ஊதிய தணலின் நடு அந்த அளவை எட்டக்கூடியது. உருகாவிட்டாலும் நுனி மெத்துப்பட்டு வளையும். பழைய பங்களாச் செட்டுகளில் நல்லவற்றைப் பார்த்தால் பிடி பித்தளையாகவும் நெருப்புக்குள் போகிற பாகம் இரும்பாகவும் இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் விலை பேசலாம். முழுப் பித்தளை என்றால் சுவரில் தொங்கவிட்டு அழகு பார்க்க மட்டும்.

பட்டறை இரும்புதான் எங்கள் தெரிவு. காரணம், ஒரே துண்டு. பொருத்து இல்லை, மரை இல்லை, கழன்று விழ ஒன்றும் இல்லை. கொல்லரிடம் 12 மி.மீ. சதுரக் கம்பியில் 70 செ.மீ. கோல் என்று கேளுங்கள். ஏறக்குறைய 800 கிராம் வரும். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு முறுக்கச் சொன்னால் அதுவே அலங்காரம். சதுரக் கம்பியின் நான்கு ஓரமும் சூட்டில் சுழன்று கயிறு திரித்தது போல் வரும். பிடிக்குத் தனிக் கட்டை வேண்டாம், மேல்முனையையே வளையமாகச் சுருட்டினால் ஆணியில் மாட்டவும் ஆயிற்று. கட்டைப் பிடி கேட்கிறவர்களுக்கு நன்கு காய்ந்த கொய்யாக் கம்பு நல்லது. ஆனால் மழைக்கு ஊறி, கணப்பின் சூட்டுக்கு வற்றி, ஒரு வருடத்தில் கட்டை ஆடத் தொடங்கும். ஊடுருவ ஓர் ஆணி அடித்து இரு பக்கமும் மழுக்கினால்தான் நிற்கும்.

கறுப்பு நிறத்துக்குப் பெயின்ட் கேட்காதீர்கள். கொல்லர் வேலை முடித்து, இரும்பு சிவப்பு தணிந்து, கையால் தொட முடியாத சூட்டில் இருக்கும்போதே தேன்மெழுகைத் தேய்க்க வேண்டும். மெழுகு பட்டதும் மெல்லப் புகைந்து, உருகி, வழுக்கிக்கொண்டு ஓடினால் சூடு சரி. குப்பென்று பற்றினால் சூடு கூட. கட்டியாகவே நின்றால் ஆறிவிட்டது. உடனே துணியால் துடைத்துவிட்டால் இரும்பு ஈரமாகத் தெரிகிற மாதிரி ஒரு கறுப்பு வரும். எந்தப் பெயின்டிலும் அது கிடைக்காது. ஆளிவிதை எண்ணெயும் இதே வேலை செய்யும். ஆனால் அந்த எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போடக்கூடாது. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயவிடுங்கள்.

வெல்டிங் கடைக் கோல் மலிவு, இன்று சொன்னால் நாளை கையில். கொங்கிறீட்டுக்குப் போடும் முறுக்குக் கம்பியை நீட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அதன் வரிகளுக்குள் சாம்பல் ஏறி, ஈரத்தை இழுத்து, அங்கேயே துருப்பிடிக்கும். உள்ளங்கையையும் அறுக்கும். வழுவழுப்பான 12 மி.மீ. உருட்டுக் கம்பி கேளுங்கள், 70 செ.மீ. சுமார் 620 கிராம். 10 மி.மீ. என்றால் 430 கிராம்தான். தூக்க இலகு, ஆனால் நுனி சிவந்த நேரத்தில் பெரிய யூகலிப்டஸ் கட்டையை நெம்பினால் வளைந்துவிடும். 16 மி.மீ. ஒரு கிலோவைத் தாண்டும், கை வலிக்கும்.

வெல்டிங் கோலில் உடைகிற இடம் எப்போதும் ஒன்றுதான்: கொக்கி ஒட்டிய இடம். மேலோட்டமாக ஒரு பொட்டு வைத்து ஒட்டியிருப்பார்கள். இழுக்க இழுக்க அங்கே விரிசல் விட்டு, ஒரு நாள் கொக்கி தணலுக்குள் கிடக்கும். கொக்கியைத் தனியாக ஒட்டாமல் கம்பியைச் சூடாக்கி வளைத்துத் தரச் சொன்னால் அந்தத் தொல்லையே இல்லை.

ஸ்டெயின்லெஸ்? சூட்டைக் கடத்துவதில் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் பிடி குளிர்ச்சியாக இருக்கும். துருவும் அநேகமாக இல்லை. நுனி மட்டும் முதல் நாளே நீலமும் பொன்னிறமுமாக மாறிவிடும், தேய்த்தாலும் முன்போல் வராது. பழைய செங்கல் கணப்புக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி நிற்கும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இடுக்கியில் கவனம் வேண்டும்

ஒரே ஒரு சாமான்தான் வாங்கலாம் என்றால் கிளறுகோலை விட்டு இடுக்கியை வாங்குங்கள். கிளறவும் அதனால் முடியும், உருண்டு வெளியே வந்த கொள்ளியைத் தூக்கிப் போடவும் முடியும்.

இரண்டு ஜாதி இருக்கிறது. பட்டைக் கம்பியை வளைத்த வில் இடுக்கி சின்னக் கரிக்கும், கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியான மிலாற்றுக்கும் போதும். வளைவு அடிக்கடி சூடுபட்டால் வில் செத்துவிடும், பிறகு விரியாது. கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கே ஆணி வைத்தது கட்டைக்கு. அதில் பார்க்க வேண்டியது ஆணி: 8 மி.மீ.க்குக் குறையாமல், இரு பக்கமும் வாசர் போட்டு அடித்திருக்க வேண்டும். வாய் 15 செ.மீ.யாவது விரிய வேண்டும், வாய்க்குள் பல் இருக்க வேண்டும். கடையிலேயே 10 செ.மீ. பருமனுள்ள கட்டை ஒன்றைத் தூக்கி, மணிக்கட்டைத் திருப்பிப் பாருங்கள். கட்டை வாய்க்குள் சுழன்றால் அந்த இடுக்கி ஒரு நாள் கொள்ளியைக் காலில் போடும்.

எந்த விறகு எரிக்கிறோம் என்பதும் இதில் சேர்ந்தது. கவ்வாத்து முடிந்த மலையிலிருந்து வரும் தேயிலை மிலாறு கெட்டி விறகு, கோணல்மாணல், மெல்லிசு. அதற்கு அகல வாய் இடுக்கி பயனில்லை. தேயிலைக்கு நிழல் மரமாக நிற்கும் மலைநாட்டுச் சவுக்கு (சில்வர் ஓக்) சீக்கிரம் எரிந்து முடியும், அடிக்கடி கட்டை மாற்ற வேண்டும். பைனில் பிசின் இருப்பதால் பொறி பறக்கும். அதை எரிக்கிறவர்கள் இடுக்கிக்கு முன் கணப்பு வாய்க்குக் கம்பிவலைத் தட்டி ஒன்று செய்துகொள்வது நல்லது.

ஊதுகுழலும் துருத்தியும்

தோல் துருத்தியைப் போல அழகான கணப்புச் சாமான் இல்லை, நுவரெலியாவில் அதைப் போல வீணானதும் இல்லை. மழைக் காலத்தில் தோல் பூஞ்சணம் பூக்கும், கணப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் காய்ந்து வெடிக்கும், உள்ளே காற்றடைக்கும் மடல் ஒட்டிக்கொள்ளும். அரை மீற்றர் ஊதுகுழல் அதை எளிதில் தோற்கடிக்கும்: உள் அகலம் 12 மி.மீ., நுனி 5, 6 மி.மீ.க்கு ஒடுங்கியது. ஒடுங்கினால்தான் காற்று ஒரே இடத்தில் போய்க் குத்தும்.

ஹார்ட்வெயாரில் கிடைக்கும் ஜி.ஐ. தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டித் தருவார்கள். அது ஆகாது. அதன் மேல் பூசிய துத்தநாகம் 419 டிகிரியில் உருகும், இன்னும் ஏறினால் வெள்ளைப் புகையாகும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். வாயில் வைக்கிற சாமானுக்கு முலாம் இல்லாத கறுப்பு இரும்புக் குழாயோ மூங்கிலோதான் சரி. கிளறுகோலுக்கும் இதே விதி.

கரண்டி, தும்பு, வாளி

சாம்பல் கரண்டிக்கு வெல்டிங் கடையே போதும். 1.5 மி.மீ. தகடு, 12 செ.மீ. அகலம், பக்கச் சுவர் 3 செ.மீ., முன்விளிம்பு நேராக. வளைந்த விளிம்பு தட்டையான தரையில் சாம்பலை விட்டுவிட்டு வரும். அலுமினியம் வேண்டாம். ஈரப்பட்ட சாம்பல் காரத் தண்ணீராகி அதை அரிக்கும். தினமும் வழித்தெடுக்கவும் வேண்டாம். 2, 3 செ.மீ. சாம்பல் மெத்தை இருந்தால்தான் விறகுத் தணல் இரவெல்லாம் நிற்கும்.

செட்டோடு வரும் நைலோன் தூரிகை முதல் கங்கிலேயே உருகிக் கட்டியாகும். தென்னந்தும்பு உருகாது, பற்றிக்கொள்ளும். கித்துள் தும்புத் தூரிகை விறைப்பாக நிற்கும், கங்கு பட்டால் நுனி கருகுவதோடு சரி.

வாளி இரும்பாகவும் மூடியோடும் அடியில் கால் வைத்ததாகவும் இருக்க வேண்டும். சாம்பலுக்குள் புதைந்த கங்கு மூன்று நான்கு நாள்கூட உயிரோடு கிடக்கும். பிளாஸ்டிக் வாளியும் பலகைத் தரையும் அதற்குத் தீனி. வாளியை இஸ்தோப்புக்கு (முன் விறாந்தைக்கு) வெளியே வையுங்கள், விறகு அடுக்கிய பக்கம் வேண்டாம். குளிருக்கு இதமாக இருக்குமென்று தணல் வாளியையோ கரிச்சட்டியையோ காம்பராவுக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்கவே கூடாது. வாசனையே இல்லாத காபன் மொனொக்சைட் தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

ஆறிய சாம்பலைத் தேயிலைக்குக் கொட்டாதீர்கள். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், சாம்பல் காரம். உருளைக்கிழங்குக்கும் ஆகாது, சொறி நோய் கூடும். கோவா (முட்டைக்கோஸ்) பாத்தியில் கொஞ்சம் தூவலாம்.

ஸ்டாண்டும் துருவும்

ஸ்டாண்டின் அழகைப் பார்ப்பதற்கு முன் ஒரு பக்கத்துச் சாமானை மட்டும் எடுத்துப் பாருங்கள். சாய்ந்தால் அடிப்பாகம் போதாது. அதைவிட முக்கியமானது அதன் கால். பழைய பங்களாக்களின் மினுக்கிய சிவப்புச் சீமெந்துத் தரையில் கணப்பு ஓரமாக ஒரு பழுப்பு வட்டம் பதிந்திருப்பதைக் காணலாம். ஸ்டாண்டின் துரு இறங்கிய அடையாளம் அது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அடியில் ஒரு கருங்கல் பலகை வைக்கலாம். அதைவிட, சுவரில் பட்டைக் கம்பி ஒன்றை அடித்து நான்கு கொக்கி வைத்தால் தரை தப்பும், இடமும் மிச்சம், பட்டறைச் சாமான் வரிசையாகத் தொங்கும்போது பார்க்கவும் நன்றாக இருக்கும்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு எந்தப் பூச்சும் நிற்காது. கம்பித் தூரிகையால் சாம்பலைத் தட்டிவிட்டால் போதும். மேலே மாதம் ஒருமுறை இளஞ்சூட்டில் மெழுகுத் துணி. தேங்காயெண்ணெய் காயாது, பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். பழைய எஞ்சின் ஒயில் அடுத்த நெருப்பில் வீடெல்லாம் நாறும். ஏப்ரல் சீசனுக்கு மட்டும் கணப்பு மூட்டும் வீடுகளில்தான் சாமான் வேகமாகத் துருப்பிடிக்கிறது, ஏனென்றால் மழை மாதங்களில் அங்கே கணப்பு குளிர்ந்து கிடக்கும், புகைக்கூடு வழியாக ஈரம் இறங்கும். மே வந்ததும் எல்லாவற்றையும் கழற்றிக் குசினிக்குக் கொண்டுபோய், தினம் எரியும் அடுப்புக்கு மேல் பரணில் போட்டுவிட்டால் மழை முடியும்வரை காய்ந்தே கிடக்கும்.