வாடிக்கையாளர்களை எங்கே கூட்டுவது: வாட்ஸ்அப், மின்னஞ்சல், டிஸ்கார்ட், நேர்ச் சந்திப்பு

சமூக ஊடகத்தில் பின்தொடர்பவர் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லும் சிறுதொழில்காரர்களிடம் நான் ஒன்று கேட்பதுண்டு. அந்தக் கணக்கு நாளைக் காலை முடங்கிப் போனால், அவர்களில் எத்தனை பேரை உங்களால் மறுபடி தேடிப் பிடிக்க முடியும்? பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதிலாக வரும்.

இது வீண் பயம் இல்லை. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே இனி முன்னுரிமை என்று அறிவித்தது. தொழில் பக்கங்கள் போட்ட பதிவுகள் பின்னுக்குப் போயின. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முடிவுக்கு வந்தன. அங்கெல்லாம் கூட்டம் சேர்த்தவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

சரி, வெளியே வரலாம் என்றால் எங்கே போவது? வசதிகளை வரிசைப்படுத்தி ஒப்பிடும் கட்டுரைகள் நிறைய உண்டு. என்னைக் கேட்டால் இரண்டு விஷயங்களைப் பார்த்தாலே போதும். ஒன்று, ஆட்களின் பட்டியல் யார் கையில் இருக்கிறது? இரண்டு, வந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களா, இல்லை நீங்கள் பேசுவதை மட்டும் கேட்கிறார்களா? இரண்டாவது நடக்காத இடத்தில் இருப்பது வெறும் விளம்பரப் பட்டியல். அதைச் சமூகம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

வாட்ஸ்அப் குழு

முதலில் எல்லோர் கையும் போவது இங்கேதான். காரணம் நியாயமானது: யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். சிறு தொழிலுக்கு அது தாராளம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. குழுவில் சேர்ந்தவர் எண்ணை மற்ற எல்லோரும் பார்க்கலாம். தையல் வகுப்புக்காகச் சேர்ந்த பெண்ணுக்கு அறிமுகமே இல்லாதவரிடமிருந்து இரவில் செய்தி வந்தால், அவர் உங்கள் குழுவை விட்டு மட்டுமல்ல, உங்களை விட்டே போய்விடுவார். போட்டியாளர் ஒருவர் சத்தமில்லாமல் நுழைந்து மொத்த எண்களையும் எடுத்துக்கொள்ளவும் முடியும். அப்புறம், காலை வணக்கப் படங்கள், முன்னனுப்பிய வதந்திகள், ஒரே கேள்வி வாரத்துக்கு மூன்று முறை. ஒரு மாதத்துக்குள் பாதிப் பேர் ஒலியை அணைத்துவிடுகிறார்கள்.

இதற்கு மாற்றாகச் சிலர் ஒளிபரப்புப் பட்டியலைச் சொல்வார்கள்: ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும் வசதி. அதில் 256 பேர்தான். உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். 2023இல் வந்த வாட்ஸ்அப் சேனலில் எண்கள் மறைந்திருக்கும் என்பது நல்லதுதான். ஆனால் பின்தொடர்பவர்களின் எண்கள் உங்களுக்கும் கிடைக்காது, அவர்கள் தங்களுக்குள் பேசவும் முடியாது. டெலிகிராம் இந்த விஷயத்தில் கொஞ்சம் மேல்: பயனர்பெயரை வைத்துக்கொண்டு எண்ணை மறைக்கலாம், ஒரு குழுவில் 2,00,000 பேர் வரை இடம் உண்டு. உங்கள் வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபேஸ்புக்கை விட்டு வாட்ஸ்அப்புக்கு வந்தால் வீடு மாறிவிட்டதாக நினைக்கிறோம், உரிமையாளர் மாறவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாகவே மணிக்கணக்கில் படுத்துக்கொண்டன.

இத்தனைக்குப் பிறகும் வாட்ஸ்அப் குழுவுக்கு நான் ஒரு நல்ல பயன் பார்க்கிறேன்: காலம் குறித்த குழு. ஆறு வார வகுப்பு என்றால் ஆறு வாரக் குழு. வேலை முடிந்ததும் சொல்லிவிட்டு மூடிவிட வேண்டும். முடிவு தெரிந்த குழுவில் பேச்சு சுறுசுறுப்பாக இருக்கும், வம்பும் குறைவு. நிரந்தரக் குழுதான் நாறுகிறது.

மின்னஞ்சல் கடிதம்

பழசு, சலிப்பூட்டுவது, இளைஞர்கள் பார்ப்பதில்லை என்று இதைத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் பட்டியல் உண்மையிலேயே உங்கள் கையில் இருக்கும் வழி இது. மின்னஞ்சலை எடுத்துச் செல்லும் நெறிமுறை 1982 முதல் இருக்கிறது. எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. அனுப்பும் சேவை பிடிக்கவில்லையா, பட்டியலை ஒரு கோப்பாக இறக்கிக்கொண்டு அடுத்த சேவைக்குப் போகலாம். வேறெங்கும் இது இவ்வளவு சுலபமில்லை.

தொந்தரவுகள் உண்டு. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் விதிகளை இறுக்கிவிட்டன. நாளுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவர்களுக்குத்தான் முழுக் கெடுபிடி என்றாலும், அனுப்புநர் யார் என்பதை உறுதிசெய்யும் அடிப்படை அமைப்புகள் சின்னவர்களுக்கும் தேவை. எனவே இலவச முகவரியிலிருந்து அனுப்பாமல், சொந்தத் தளப்பெயரில் (டொமைன்) ஒரு முகவரி வைத்துக்கொள்வது நல்லது. விலகும் வழியையும் ஒளித்து வைக்காதீர்கள். விலக வழி தெரியாதவர் குப்பை என்று குறித்துவிடுவார், அது மற்றவர்களுக்குப் போகும் கடிதத்தையும் பாதிக்கும்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நம்ப வேண்டாம். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மின்னஞ்சல் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்த பிறகு, திறக்காத கடிதமும் திறந்ததாகக் கணக்கில் ஏறலாம். நான் பார்க்கச் சொல்வது பதில்களை. கடிதத்தின் கடைசியில் ஒரே ஒரு கேள்வி வையுங்கள்: ‘போன மாதம் எது சரியாக வரவில்லை?’ என்பது போல. வந்த பதில்களில் நல்ல இரண்டை, அனுமதி கேட்டு, அடுத்த கடிதத்தில் போடுங்கள். மின்னஞ்சலின் பெரிய குறையே அது ஒருவழிப் பேச்சு என்பதுதான். அந்தக் குறையை ஓரளவு அடைக்கும் வழி இது. வாசகர் ஒருவருக்கு இன்னொரு வாசகர் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டால் வேலை பாதி முடிந்தது.

டிஸ்கார்ட், ஸ்லாக், சொந்த மன்றம்

டிஸ்கார்டும் ஸ்லாக்கும் குழுவாக அரட்டை அடிக்கும் செயலிகள், மன்றம் என்பது கேள்வி பதிலுக்கான இணையதளம். இவற்றைப் பார்த்தவுடன் ஆசை வரும். தலைப்புவாரியாக அறைகள், பழைய பேச்சைத் தேடும் வசதி, யாருடைய எண்ணும் வெளியே தெரியாது. ஆனால் ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் பேச்சுதான் தெரியும். அறிவைச் சேர்த்து வைக்க அது ஒத்துவராது. டிஸ்கார்டில் அந்தச் சிக்கல் இல்லை. இன்னொரு செயலியை இறக்கிப் புதிதாகப் பழக வேண்டும் என்பதுதான் அங்கே தடை. விளையாட்டு, மென்பொருள், ஓவியம் போன்ற வட்டாரங்களில் ஏற்கெனவே பழகியவர்கள் இருப்பார்கள். மற்ற தொழில்களில் இது அனாவசியச் சுமை.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இணையக் குழுக்களைப் பற்றி, இணையதளப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதிய விதி ஒன்று உண்டு: 90 சதவீதம் பேர் வெறுமனே படிப்பார்கள், 9 சதவீதம் எப்போதாவது பேசுவார்கள், 1 சதவீதம்தான் தொடர்ந்து பேசுவார்கள். தோராயமான கணக்குதான். ஆனாலும் உங்களிடம் 300 பேர் இருந்தால், தொடர்ந்து பேசப்போவது மூன்று பேர். அந்த மூன்று பேருக்குப் பன்னிரண்டு அறைகளைத் திறந்து வைத்தால், வருகிறவர் எந்த அறையிலும் ஆள் இல்லாததைப் பார்த்துத் திரும்பிப் போய்விடுவார். இரண்டு அறைகள் போதும்: ஒன்று கேள்விக்கு, ஒன்று செய்ததைக் காட்ட.

டிஸ்கோர்ஸ் போன்ற திறமூல மென்பொருளில் (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடியது) சொந்த மன்றமே வைக்கலாம். பட்டியலும் உங்களுடையது, பேச்சும் உங்களுடையது, தேடுபொறியிலும் கிடைக்கும். பழுதுபார்ப்பு, கருவிகள், மென்பொருள் என்று கேள்வி தீராத பொருளை விற்பவருக்கு இது பொன். மற்றவர்களுக்குப் பராமரிப்பு வேலைதான் மிஞ்சும்.

நேரில் சந்திப்பது

அளவில் இது எல்லாவற்றுக்கும் கீழே, பிணைப்பில் எல்லாவற்றுக்கும் மேலே. ரோட்டரி சங்கம் 1905இல் சிகாகோவில் நான்கு பேரோடுதான் தொடங்கியது. ஒருவர் மாற்றி ஒருவர் அலுவலகத்தில் கூடினார்கள், அவ்வளவுதான். உங்களுக்கும் பத்துப் பேர் வந்தால் போதும், ஆனால் விற்பனையை அன்றைக்கு மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும். வாங்கியவர்கள் தாங்கள் செய்ததைக் கொண்டுவந்து காட்டட்டும், ஒருவர் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லட்டும். நீங்கள் நாற்காலி போடுங்கள், நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். காணொளிக் கூட்டம் இதற்கு மாற்று ஆகாது. தூரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு துணை, அவ்வளவே.

ஆக என் தேர்வு: அடித்தளமாக மின்னஞ்சல், மாதம் ஒரு நேர்ச் சந்திப்பு, தேவைப்படும்போது காலம் குறித்த வாட்ஸ்அப் குழு. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் மின்னஞ்சலே திறக்காதவர்கள் என்றால் வாட்ஸ்அப் சேனலை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெயரையும் எண்ணையும் தனியாக ஒரு கோப்பிலும் எழுதி வையுங்கள். எழுதும் முன் கேளுங்கள். ரசீதில் இருந்த எண்ணை எடுத்து, கேட்காமல் குழுவில் சேர்ப்பது சில நாடுகளில் சட்டச் சிக்கல், எல்லா நாடுகளிலும் மரியாதைக் குறைவு.

ஏற்கெனவே சமூக ஊடகத்தில் கூட்டம் இருப்பவர்கள் ஒரே நாளில் கடையை மாற்ற வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தைப் பெயர்ப்பலகையாக வைத்துக்கொண்டு, பட்டியலில் சேருவதற்கு உண்மையான ஒரு காரணம் கொடுங்கள்: பராமரிப்புக் குறிப்பு, முன்பதிவில் முதல் இடம், சந்திப்புக்கான அழைப்பு. பத்தில் ஒருவர் வந்தாலே நல்ல கணக்குதான். வராத ஒன்பது பேரை நினைத்துக் கவலைப்படாமல், வந்தவருக்கு முதல் வாரமே கையால் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.