"அடாப்டர் போட்டால் பழைய லென்ஸ் எல்லாமே வேலை செய்யும் சார்": நான் ஏமாந்த கதை

கேமரா சிஸ்டம் மாற்றப் போகிறவர்கள், முக்கியமாகப் பழைய லென்ஸ்களைக் கையில் வைத்துக்கொண்டு மிரர்லெஸ்ஸுக்கு, அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமராவுக்குத் தாவ நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். நான் ஏமாந்தேன். ஒன்றுமே தெரியாமல் போய் ஏமாந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒன்றும் தெரியாதவன் கூட யாரையாவது அழைத்துக்கொண்டு போவான், பாதி தெரிந்தவன் தனியாகப் போவான், நான் அந்த ரகம். கடையின் பெயரைப் போடப் போவதில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். இதே பேச்சு எந்தக் கவுண்டரிலும் நடக்கும், அதனால் பேச்சை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள், பெயர் எதற்கு.

என்னிடம் இருந்தது நிக்கான் டி7200, உள்ளே கண்ணாடி உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் ரகம். கூடவே மூன்று லென்ஸ்: 50 மி.மீ. எஃப்1.8 ஜி, 85 மி.மீ. எஃப்1.8 டி, அப்புறம் என் செல்லப்பிள்ளை 80-200 எஃப்2.8 டி. அந்தக் கடைசி "ஜி", "டி" எழுத்துகளைக் கவனித்துக்கொள்ளுங்கள், மொத்தக் கதையும் அதில்தான் இருக்கிறது. ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்ஸார் உள்ள) மிரர்லெஸ் வாங்க வேண்டும் என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் சோனி என்று முடிவு. சோனியின் ஈ மவுண்ட் (பாடியில் லென்ஸ் மாட்டும் அமைப்பு) 2010-இலிருந்து இருக்கிறது, சிக்மா, டாம்ரான் என்று வெளிக் கம்பெனி லென்ஸ்கள் அதற்குக் கொட்டிக் கிடக்கின்றன, டாம்ரான் 28-75 ஒன்றை வாங்கிப் போட்டால் என் வேலைக்குப் போதும். பழைய நிக்கான் சாமான் எல்லாவற்றையும் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடலாம் என்று பையோடு போனேன்.

கவுண்டரில் இருந்தவர் நல்ல பேச்சுக்காரர். பையைத் திறந்து லென்ஸ்களை ஒவ்வொன்றாக எடுத்தார். 80-200-ஐத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், மேசையில் வைத்தார். 85-ஐத் திருப்பிப் பார்த்தார், வைத்தார். 50-ஐத் திருப்பிப் பார்த்தார், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டார். ஃபங்கஸ் (கண்ணாடியில் பூசணம்) இருக்கிறதா என்று பார்க்கிறார் போல என்று நான் நினைத்தேன். "இவ்வளவு நல்ல கிளாஸை ஏன் சார் அடிமாட்டு விலைக்குத் தள்ளுறீங்க? நிக்கானோட மிரர்லெஸ் இஸட் 6 எடுங்க, எஃப்டிஇஸட் அடாப்டர் போட்டா உங்க பழைய லென்ஸ் எல்லாமே அப்படியே வேலை செய்யும். நம்பலைன்னா உங்க லென்ஸையே போட்டுக் காட்டுறேன்" என்று அந்த 50-ஐ அடாப்டரில் (பழைய லென்ஸுக்கும் புதுப் பாடிக்கும் நடுவில் வைக்கும் இணைப்பு வளையம்) மாட்டிக் கையில் கொடுத்தார். ஷட்டரைப் பாதி அழுத்தினேன். சத்தமே இல்லாமல் டக்கென்று ஃபோகஸ் ஆனது. சோனியை அங்கேயே மறந்துவிட்டேன். டி7200 எக்ஸ்சேஞ்சில் போயிற்று, மூன்று லென்ஸும் என்னோடு திரும்பி வந்தன.

வீட்டுக்கு வந்து முதலில் மாட்டியது 80-200. பாதி அழுத்தினேன். ஒன்றுமில்லை. கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினேன். ஒன்றுமில்லை. 85-ஐ மாட்டினேன், அதுவும் அப்படியே. படம் எடுக்கிறது, அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித் துளை) மாறுகிறது, ஃபோகஸ் மட்டும் கல்லு மாதிரி அசையவில்லை.

இதற்குக் காரணம் ரொம்ப எளிது, தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். என் இரண்டு "டி" லென்ஸுக்குள்ளும் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸின் பின்பக்க உலோக வளையத்தில், விளிம்பை ஒட்டி, ஸ்க்ரூ தலையில் இருக்கிற மாதிரி ஒரு சின்னக் கோடு வெட்டியிருக்கும். கேமரா பாடியின் மவுண்டிலிருந்து ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர் முனை நீட்டிக்கொண்டிருக்கும், அது அந்தக் கோட்டில் போய் உட்கார்ந்து லென்ஸைச் சுழற்றும். மோட்டார் பாடிக்குள். டி7200-இல் அது இருந்தது. எஃப்டிஇஸட் அடாப்டரில் அது இல்லை, இஸட் பாடியிலும் இல்லை. ஆக, சுழற்ற ஆளில்லை. 50 மட்டும் ஏன் ஓடியது? அது ஏஎஃப்-எஸ் ரகம், மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது.

அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது, அவர் ஏன் மூன்றையும் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார் என்று. ஃபங்கஸ் பார்ப்பவர் லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து உள்ளே பார்ப்பார். இவர் ஒரு தடவைகூடத் தூக்கிப் பிடிக்கவில்லை. அந்தக் கோடு இருக்கிறதா இல்லையா என்று பார்த்திருக்கிறார், இல்லாத ஒன்றை எடுத்து எனக்கு டெமோ காட்டியிருக்கிறார். தெரியாமல் சொல்லிவிட்டார் என்று மனதைத் தேற்றிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

நிக்கானைக் குற்றம் சொல்லவில்லை. எந்த லென்ஸ் அடாப்டரில் ஃபோகஸ் ஆகும், எது ஆகாது என்று அவர்கள் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள், படிக்காமல் போனது நான். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிஸ்டம் தேர்ந்தெடுக்கும்போது இது உண்மையிலேயே கணக்கில் வர வேண்டிய விஷயம். நிக்கான் எஃப் மவுண்ட் 1959-இல் வந்தது, அதைக் கடைசிவரை மாற்றாமல் வைத்திருந்தார்கள். "பழைய லென்ஸைக் கைவிடாத கம்பெனி" என்று நாங்களெல்லாம் பெருமையடித்துக்கொண்டோம். கேனான் 1987-இல் பழைய மவுண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஈஎஃப் என்று புதிதாக ஆரம்பித்தது, பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் அப்போது வயிறெரிந்தார்கள். ஆனால் அந்த ஈஎஃப் லென்ஸ்களில் முதல் நாளிலிருந்தே ஆட்டோஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள், அப்பர்ச்சரும் மின்சாரத்தில். அதனால் இன்றைக்குக் கேனானின் மிரர்லெஸ் ஆர்எஃப் பாடியில் அடாப்டர் வழியாகப் பழைய ஈஎஃப் லென்ஸைப் போட்டால் ஆட்டோஃபோகஸ் சாதாரணமாக ஓடுகிறது. அன்றைக்கு வயிறெரிந்தவர்களின் பிள்ளைகள் இன்றைக்குச் சிரிக்கிறார்கள், பெருமையடித்த நான் கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டிருக்கிறேன். "அடாப்டர்" என்ற சொல் ஒன்றுதான், கம்பெனிக்குக் கம்பெனி அதன் பொருள் வேறு.

கதை இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

கேமராவோடு 24-70 எஃப்4 கிட் லென்ஸ் என்றுதான் பேச்சு. பில் போடும் நேரத்தில், "24-70 ஸ்டாக் முடிஞ்சிருச்சு சார், அதைவிட அகலமானது தர்றேன், 16-50" என்று சின்னதாக ஒன்றை நீட்டினார். மேலே டிஎக்ஸ் என்று, அதாவது சின்ன சென்ஸாருக்கான லென்ஸ் என்று, எழுதியிருந்தது. நான் பார்த்தேன், கேட்கவும் செய்தேன். "அதெல்லாம் கேமராவே புரிஞ்சுக்கிட்டு சரி பண்ணிக்கும் சார்." இந்தப் பதில் பொய்யில்லை, அதுதான் இதில் கொடுமை. கேமரா உண்மையிலேயே புரிந்துகொள்கிறது. டிஎக்ஸ் லென்ஸ் என்று தெரிந்ததும் சென்ஸாரின் நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடுகிறது.

இரண்டு நாள் கழித்துப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது அளவு 3936-க்கு 2624 என்று காட்டியது. ஃபுல் ஃபிரேமில் இதே கேமரா 6048-க்கு 4024 தரும். கணக்குப் போட்டால் 24 மெகாபிக்ஸலுக்குப் பதிலாகப் பத்துச் சொச்சம். 16 மி.மீ. அகலமும் கிடையாது, இந்த வெட்டுக்கு 1.5-ஆல் பெருக்கினால் 24 மி.மீ. பார்வைதான், அதாவது அந்த 24-70-இன் அகலமேதான். ஃபுல் ஃபிரேம் என்று காசு கொடுத்து, ஏற்கெனவே இருந்த 24 மெகாபிக்ஸல் கேமராவையும் கொடுத்து, பத்து மெகாபிக்ஸல் கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அப்புறம்தான் பெட்டியை ஒழுங்காகப் பார்த்தேன். உள்ளே பாடிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய லென்ஸ் உட்காருகிற அளவுக்குக் காலி இடம். 24-70 அரைக் கிலோ எடை, 72 மி.மீ. ஃபில்டர் போடும் அளவுக்கு வாய் உள்ளது. எனக்குக் கொடுத்தது 135 கிராம், பின்பக்க மவுண்ட் வளையம் பிளாஸ்டிக். கிட் பெட்டியைப் பிரித்து நல்ல லென்ஸைத் தனியாக யாருக்கோ விற்றுவிட்டு, அந்த இடத்தில் இதை வைத்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். பில்லை எடுத்துப் பார்த்தால் "கேமரா வித் லென்ஸ், 1 செட்" என்று மட்டும் இருக்கிறது. எந்த லென்ஸ்? ஒன்றுமில்லை. லென்ஸின் பெயரும் சீரியல் நம்பரும் இல்லாத பில்லை வாங்கிக்கொண்டு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

போனேன், சண்டை போட்டேன். பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாதாம். சரி, என் டி7200-ஐயாவது கொடுங்கள் என்றால் அது அன்றைக்கே விற்றுப்போய்விட்டதாம். 80-200 ஃபோகஸ் ஆகவில்லையே என்றதற்கு வந்த பதில்தான் உச்சம்: "அடுத்த ஃபர்ம்வேர் அப்டேட்ல வந்துரும் சார்." மோட்டார் அப்டேட்டில் வருமாம்! ஃபர்ம்வேர் என்பது கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள், அது வந்து லென்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்க்ரூ திருகுமா என்று கேட்டேன். அவர் அடுத்த கஸ்டமரைப் பார்த்துச் சிரிக்கப் போய்விட்டார். மூன்று தடவை அலைந்த பிறகு அந்த 16-50-ஐ மட்டும், அதுவும் செகண்ட் ஹேண்ட் மதிப்பில், திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து உங்களிடம் இருக்கிற ஒவ்வொரு லென்ஸையும் அந்தப் பாடியில் நீங்களே மாட்டி, பாதி அழுத்திப் பாருங்கள். அவர் எடுத்துத் தருகிற ஒன்றை மட்டும் இல்லை, அவர் மேசையில் வைத்துவிட்டதையும். புது லென்ஸோடு ஒரு படம் எடுத்து அங்கேயே பிளேபேக்கில் படத்தின் அளவைப் பாருங்கள், எண் குறைவாக இருந்தால் கிராப் லென்ஸ் (டிஎக்ஸ் மாதிரி சின்ன சென்ஸாருக்கானது) தலையில் ஏறுகிறது என்று அர்த்தம். பில்லில் லென்ஸின் முழுப் பெயர், பாடிக்கும் லென்ஸுக்கும் இரண்டு சீரியல் நம்பர், இவை இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். வாரண்டி கார்டு எல்லாம் அதற்கப்புறம்.

"இதில் ஆரம்பிங்க, அப்புறம் பெரியதுக்குப் போகலாம், லென்ஸ் வீணாகாது" என்ற பேச்சையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். கேனானின் சின்ன சென்ஸார் மிரர்லெஸ் வரிசையான ஈஓஎஸ் எம்மின் ஈஎஃப்-எம் லென்ஸை ஆர்எஃப் பாடியில் எந்தக் காலத்திலும் ஒழுங்காகப் போட முடியாது. லென்ஸ் மவுண்டுக்கும் சென்ஸாருக்கும் உள்ள தூரம் ஈஎஃப்-எம்மில் 18 மி.மீ., ஆர்எஃப்பில் 20 மி.மீ. அடாப்டர் என்பது தூரத்தைக் கூட்டும் வளையம், அது இருக்கிற தூரத்தில் இரண்டு மில்லிமீட்டரை எப்படிக் குறைக்கும்? பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, நிக்கான் எஃப் 46.5 மி.மீ., இஸட் 16 மி.மீ., நடுவில் வளையம் வைக்க நிறைய இடம் இருக்கிறது. இடம் இருந்தும் மோட்டார் வைக்கவில்லை என்பது என் தலையெழுத்து. சோனி தன் பழைய ஏ மவுண்ட் லென்ஸ்களுக்கு மோட்டார் உள்ள அடாப்டரே கொண்டுவந்தது, அதுவும் 2020-இல் வந்த எல்ஏ-ஈஏ5 என்றால் எல்லா பாடியிலும் அந்த மோட்டார் ஓடாது, குறிப்பிட்ட சில பாடிகளில்தான். இந்த மாதிரி நுணுக்கத்தைக் கவுண்டரில் நின்றுகொண்டு யாரும் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் காசுகூட இல்லை. "லென்ஸ் எல்லாம் ஓடும்" என்ற ஒரு வார்த்தைதான் என்னை சோனியிலிருந்து திருப்பியது. இரண்டு லென்ஸ் ஓடாது என்று தெரிந்திருந்தால் எனக்கு எல்லா சிஸ்டமும் ஒரே கோட்டில் நின்றிருக்கும், அப்போது நிதானமாகத் தேர்ந்தெடுத்திருப்பேன். ஒருவேளை இதே இஸட் 6-ஐயே எடுத்திருப்பேன், யார் கண்டது, கேமரா மோசமில்லை. கையில் பிடிக்க அருமையாக இருக்கிறது, 50-ஐ மாட்டினால் இருட்டிலும் நன்றாக ஓடுகிறது. 85-இல் உருவப்படம் எடுக்கும்போது ஃபோகஸ் பீக்கிங்கை (ஃபோகஸ் ஆன விளிம்பைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் வசதி) வைத்துச் சமாளிக்கிறேன், உட்கார்ந்திருப்பவர் அசையாமல் இருந்தால் சரி. ஓடுகிற பிள்ளைகளை 200 மி.மீ.யில், எஃப்2.8-இல், கையால் வளையத்தைத் திருகி ஃபோகஸ் பண்ணுவது மட்டும் முடியவே முடியாது, பத்துக்கு ஒன்று தேறினால் அதிகம்.

போன மாதம் செகண்ட் ஹேண்டில் ஒரு டி7200 வாங்கினேன். என்னுடையது இல்லை, வேறு யாரோ அடித்துத் துவைத்தது, பிடிமான ரப்பர் ஒரு பக்கம் உரிந்திருக்கிறது. 80-200-ஐ மாட்டிப் பாதி அழுத்தினேன், "கிர்ர்ர்" என்று அந்தப் பழைய சத்தத்தோடு ஃபோகஸ் ஓடியது. லென்ஸ் விற்பனைக்கு இல்லை, யாரும் கேட்க வேண்டாம்.