கலோரியை எண்ணுவதா, தட்டை மாற்றுவதா?

எடையைக் குறைக்க நினைப்பவர் முன்னால் இரண்டு வழிகள் நிற்கின்றன. சாப்பிடும் ஒவ்வொன்றையும் எடைபோட்டு, செயலியில் குறித்து, கலோரி எண்ணுவது ஒன்று. எண்ணிக்கையைத் தொடாமல், உண்ணும் பொருளையே மாற்றுவது இன்னொன்று.

எண்ணும் வழியின் அடிப்படை உறுதியானது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தரும், கொழுப்பு 9 தரும். செலவாவதைவிடக் குறைவாக உண்டால் எடை இறங்கும். முதல் வாரத்திலேயே நமக்குக் கண் திறக்கும் இடங்களும் உண்டு: ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி, 100 கிராம் ஆப்பிளில் 52தான்.

சிக்கல் கணக்கு வைப்பதில் இருக்கிறது. எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை என்றவர்களை 1992இல் அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். உண்டதில் ஏறக்குறைய பாதி அவர்கள் சொன்ன கணக்கில் வரவே இல்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கரண்டியில் வழிந்ததையும் நின்றபடியே கொறித்ததையும் யார் நினைவில் வைத்திருப்பார்கள்? சரி, கவனமாகக் குறித்தாலும் லேபிள் எண் அப்படியே உடலில் சேர்வதில்லை. 28 கிராம் பாதாமுக்கு 170 கலோரி என்று போட்டிருக்கும். உடலுக்குக் கிடைப்பது 129 என்று 2012இல் அளந்தார்கள். நன்றாக மென்றாலும் உடையாத செல்களில் இருக்கும் கொழுப்பு செரிக்காமல் வெளியேறிவிடுகிறது.

தட்டை மாற்றும் வழிக்கு வலுவான சான்று 2019இல் வந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவில் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, எடை 0.9 கிலோ ஏறியது. மற்றதில் அதே அளவு இறங்கியது. யாரும் எதையும் எண்ணவில்லை!

அடுத்து 2018இல் வெளியான ஸ்டான்போர்டு ஆய்வு. 609 பேர், ஒரு வருடம். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். பெரிய வித்தியாசமில்லை. கலோரி வரம்பு எதுவும் விதிக்காமல், இரு குழுவிடமும் காய்கறியைக் கூட்டுங்கள், சர்க்கரையையும் தீட்டிய மாவையும் குறையுங்கள் என்றுதான் சொன்னார்கள்.

இந்த வழிக்கும் ஓட்டை உண்டு. நல்ல உணவுதானே என்று கொட்டைகளைக் கை நிறைய அள்ளினால் எடை இறங்காது.

அதனால் என் தேர்வு இது: முதல் இரண்டு வாரம் மட்டும் எண்ணுங்கள், அளவு கண்ணுக்குப் பழகிவிடும். அப்புறம் செயலியை மூடிவிட்டு, ஒவ்வொரு வேளையும் காய்கறி, புரதம், முழுதானியம் தட்டில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எடை அசையாமல் நின்றுவிட்டால் மறுபடி ஒரு வாரம் எண்ணிப் பார்க்கலாம். உணவை நினைத்தாலே பதற்றம் வருபவர்களும், உணவுக்கோளாறிலிருந்து மீண்டவர்களும் அந்த இரண்டு வாரத்தைக்கூடத் தவிர்த்துவிடுங்கள்; நேராகத் தட்டிலிருந்தே தொடங்குங்கள்.