காலிக் கட்டமும் 0 மில்லிமீட்டரும்: கோட்லினா, ரஸ்ட்டா?

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து. மழைக்காலக் காலையில் நெல்லைக்காரர்கள் முதலில் தேடுவது இந்த நாலு எஸ்டேட்டின் மழையளவைத்தான். சராசரி போட ஒரு சின்ன நிரலைக் கோட்லின் என்ற நிரல்மொழியில் எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் ஊத்திலிருந்து அளவு வரவில்லை. என் நிரல் அதை 0 என்று கணக்கில் சேர்த்துவிட்டது. மழை பெய்யாதது வேறு, அளவு வராதது வேறு. 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. இந்த வேறுபாட்டைக் காப்பதில் கோட்லின் மேலா, ரஸ்ட் என்ற இன்னொரு நிரல்மொழி மேலா?

மதிப்பே இல்லை என்று குறிக்கும் 'நல்' (null) என்பதை 1965-இல் அல்கால் டபிள்யூ என்ற நிரல்மொழிக்குக் கொண்டுவந்தவர் கணினி அறிஞர் டோனி ஹோர். அவரே 2009-இல் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்றார்.

கோட்லினில் டபுள் (தசம எண் வகை) என்றால் எண் கட்டாயம் உண்டு. பின்னால் கேள்விக்குறி போட்டால்தான் நல் நுழையும். சோதிக்காமல் கூட்டப் போனால் கம்பைலர் (நிரலை ஓடும் முன் சரிபார்த்து மொழிமாற்றும் மென்பொருள்) விடாது. ஒரு இஃப் (if) நிபந்தனை போட்டுச் சோதித்துவிட்டால் உள்ளே அது சாதாரண டபுள். எழுத அவ்வளவு லேசு. ஆண்ட்ராய்டு செயலிக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஜாவா நூலகத்திலிருந்து வரும் மதிப்புகளிடம் மட்டும் இந்தக் காவல் தளர்ந்துவிடும்.

ரஸ்ட்டில் எழுத்துவேலை கூடுதல். மதிப்பு ஆப்ஷன் என்ற உறைக்குள் இருக்கும்: சம் (Some, மதிப்பு உண்டு) அல்லது நன் (None, மதிப்பு இல்லை). எந்த நிலை என்று பிரித்துப் பார்க்கும் மேட்ச் போட்டால் இரண்டுக்கும் பதில் எழுதியாக வேண்டும்.

என்னை ரஸ்ட் பக்கம் இழுத்தது இன்னொன்று. பெயரைக் கொடுத்தால் அதன் மதிப்பைத் தரும் ஹேஷ்மேப் என்ற பட்டியலில் ஊத்து என்று தேடுகிறேன். அந்தப் பெயரே பட்டியலில் இல்லையா, பெயர் இருந்து இன்றைய அளவு மட்டும் வரவில்லையா? கோட்லினில் இரண்டுக்கும் அதே நல்தான் கிடைக்கும். பெயர் இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும், கேட்க மறந்தால் போச்சு. ரஸ்ட்டில் ஆப்ஷனுக்குள் ஆப்ஷன் நிற்கும். பெயர் இல்லையென்றால் நன், அளவு இல்லையென்றால் சம்முக்குள் நன். கோட்லினிலும் சீல்டு கிளாஸ் (இன்னின்ன நிலைகள் மட்டுமே என்று வரையறுக்கும் வகை) எழுதி இதைச் செய்யலாம், ஆனால் அது நமக்குத் தோன்ற வேண்டும்.

அப்புறம், அன்றைய தவறு மொழியுடையது இல்லை. அளவு இல்லாவிட்டால் என்ன செய்ய என்று கம்பைலர் கேட்டது. நல் வந்தால் மாற்று மதிப்பைத் தரும் எல்விஸ் ஆபரேட்டர் போட்டு 0 என்று எழுதியது நான். ரஸ்ட்டிலும் அதே வேலையைச் செய்யும் அன்ராப் ஆர் (unwrap_or) போட்டு இதே தப்பைச் செய்யலாம், கம்பைலர் தடுக்காது. இப்போது வந்த அளவுகளை மட்டும் கூட்டி, சராசரிக்குப் பக்கத்தில் '4-இல் 3 இடங்கள்' என்று சேர்த்தே காட்டுகிறேன்.